அண்ணனின் சேஸிஸ், இவருடைய பாடி

எங்கள் ஜீப் இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தது ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில். தோப்பும்படிக்கு முன்னால் ரோட்டில் ஒரு ஹம்ப், வேகத்தடை, இருக்கிறது. என் கணவர் அதில் மெதுவாகத்தான் ஏற்றினார். பின்சீட்டில் முட்டை அடுக்கி வைத்திருப்பதைப் போலத்தான் இவர் எப்போதுமே ஜீப் ஓட்டுவார். முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் ஏறியது, அடியில் தேங்காய் உடைவதுபோல ஒரு சத்தம். அதற்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் தனியாக ஒரு சாண் கீழே போய்விட்டது.

“என்ன சத்தம்?” என்றேன்.

“ரோடு சரியில்ல,” என்றார்.

ரோடு சரியாகத்தான் இருந்தது. ஜீப்தான் முன்பக்கம் மூக்கையும் பின்பக்கம் வாலையும் தூக்கிக்கொண்டு, நடுவில் தொய்ந்துபோய் நின்றது. இரண்டு பக்கக் கதவுகளும் பல்லைக் கடித்ததுபோல இறுகிவிட்டன. பட்டுப்புடவையோடு, மொய்க்கு வாங்கி வைத்திருந்த குத்துவிளக்கைத் தாண்டி, நான் பின்கதவு வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் குனிந்து அடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, இழவு வீட்டில் பேசும் குரலில் என்னிடம் சொன்னார்: “சேச்சி, இதுக்கு அடியில ஒண்ணுமே இல்லல்லோ.”

உண்மைதான். ஜீப்புக்குச் சேஸிஸ் என்பது எலும்பு மாதிரி. நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், குறுக்கே நாலைந்து கட்டைகள். இன்ஜின், சக்கரம், பாடி எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் சில மாதங்களில் வேலியேற்றத்தின்போது, கடல் ஏறி வரும் நேரத்தில், காயல் தண்ணீர் வாசல்படிவரை வந்துவிட்டுப் போகும். உப்புத் தண்ணீர். ஜீப் வருடக்கணக்காக அதில் காலை நனைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இவர் கண்ணுக்குத் தெரிகிற பாகத்தை மட்டும்தான் கவனித்தார். பாடிக்குப் பச்சை பெயிண்ட், அதன் மேல் மெழுகு, கண்ணாடிக்குத் தனித் துணி. நான் தையல்கடை வைத்திருப்பவள் என்பதால் சீட் கவரை மூன்று முறை பிரித்துத் தைக்க வைத்தார். குனிந்து அடியில் பார்க்க மட்டும் இவருக்குத் தோன்றவே இல்லை. வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் மேற்பார்வை பார்க்கிற மனிதர். அங்கேயும் மூட்டைகளின் மேல்வரிசையைத்தான் எண்ணுவாரோ என்று எனக்கு அன்றைக்கு ஒரு சந்தேகம் வந்தது.

கல்யாணத்துக்கு ஆட்டோவில் போனோம். சாப்பிடும்போது இவர் பாயசத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்தே துக்கத்தின் ஆழம் எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். எர்ணாகுளம் மார்க்கெட்டில் வாழையிலை மொத்த வியாபாரம். அவனிடமும் ஒரு ஜீப் இருந்தது. எங்களுடையதைப் போலவே அதே வகை, சில வருடம் முன்னே பின்னே. ஆனால் அவன் ஜீப்பைக் கழுவியதே கிடையாது. சீட்டில் உட்கார்ந்தால் புடவையில் இலைக்கறை ஒட்டும். அவனுக்கு முக்கியம் இன்ஜின், கியர், அடிப்பாகம். மாதம் ஒருமுறை சேஸிஸுக்கு எண்ணெய் பூசுவான். மேலே மழை ஒழுகினால் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவான்.

மலைப்பக்கம் எங்கேயோ சேற்றில் ஜீப் ஓட்டும் பந்தயம் நடத்துவார்கள். அண்ணன் அதில் கலந்துகொள்ளப் போனான். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று இவரைக் கூட்டிக்கொண்டு போனான். அதுவரை இரண்டு பேரும் மாமன் மச்சான் என்பதைவிட நல்ல சிநேகிதர்கள். பாதி தூரத்தில் ஒரு பள்ளம். இவர் “லெஃப்ட்!” என்று கத்தினார் என்பது அண்ணன் சொல்வது. “லெஃப்ட்ல போகாதீங்க” என்று கத்தினேன், அவன் முதல் வார்த்தையை மட்டும் கேட்டான் என்பது இவர் சொல்வது. எப்படியோ, ஜீப் இடது பக்கம் போய், மல்லாந்து, சேற்றில் பாடி அப்பளமாக நொறுங்கிப்போயிற்று. உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் கழுத்துச் சுளுக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் திரும்பிப் பார்க்க முடியாமல் படுத்திருந்தார்கள். பட்டை கழன்ற பிறகும் அவர்கள் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பேச்சு இல்லை.

அண்ணனின் ஜீப், நொறுங்கிய பாடியைக் கழற்றிப் போட்டபின், வெறும் சேஸிஸாக ஒரு ஒர்க்‌ஷாப் முற்றத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் அங்கே போவான். சேஸிஸின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் சத்தம் கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு வருவான். மதினிதான் இதை என்னிடம் சொன்னாள். மதினி காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எங்கள் நாலு பேரில் தலை நேராக இருப்பது அவளுக்கு மட்டும்தான்.

“உங்க வீட்டுல பாடி இருக்கு, அடியில ஒண்ணும் இல்ல,” என்றாள் மதினி. கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டுல அடி இருக்கு, மேல ஒண்ணும் இல்ல. ரெண்டு ஆம்பளைங்களும் இப்படியே உக்காந்து அழுதுட்டே இருப்பாங்களா?”

“அந்தப் பாடிய எடுத்து இதுல வெக்க முடியுமா மதினி?”

“முடியுமான்னு கேக்க வேண்டியது ஒர்க்‌ஷாப்புல. சம்மதமான்னு கேக்க வேண்டியது உன் வீட்டுல.”

ஒர்க்‌ஷாப் மேஸ்திரி சுலபமாகச் சம்மதித்தார். அவருக்கு எல்லாமே சுலபம். “ஒரு குழப்பமும் இல்ல சேச்சி,” என்றார். மலையாளத்தில் குழப்பம் என்றால் சிக்கல், பிரச்சினை. அந்த மனிதரின் வாயில் அந்த வார்த்தையை அடுத்த சில வாரங்களில் நான் எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பின்னால் ஒரு குழப்பம் வந்தது. “இவிடுந்து பாடி எடுக்கணும், அவிட வெக்கணும், போல்ட் முறுக்கணும். சாயா குடிக்கிற நேரம்.”

“இதுக்கு முன்னால செஞ்சிருக்கீங்களா?”

“பின்னே!” என்றார். எத்தனை என்று கேட்டபோது சாயா கொண்டுவரச் சொல்லி யாரையோ கூப்பிட்டார்.

வீட்டில்தான் கஷ்டம். இவரிடம் பேச்சை எடுத்ததும், “என் பாடிய அந்த ஆளோட சேஸிஸ்லயா?” என்றார். ஏதோ மாப்பிள்ளை வீட்டார் குலம் கோத்திரம் விசாரிக்கிற குரல். அண்ணனிடம் கேட்டால், “அந்த மெழுகு பூசின டப்பாவ என் வண்டி மேல வெக்கணுமா?” என்றான். இருந்தாலும் இருவருமே மறுக்கவில்லை. ஒருவருக்கு வண்டி ஓட்டாமல் பொழுது போகவில்லை, இன்னொருவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலித்தது.

நான் வாட்ஸ்அப்பில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு குரூப் ஆரம்பித்தேன். இரண்டு பேரும் அதில் என்னிடம் மட்டுமே பேசினார்கள்.

“பச்சை பெயிண்ட மாத்தக் கூடாதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு,” என்று இவர் எழுதுவார். அண்ணன் அதைப் படித்துவிட்டான் என்பது திரையில் தெரியும். ஆனாலும் நான் அதை நகலெடுத்து மறுபடியும் அதே குரூப்பில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன், “இன்ஜின்ல கை வெக்கக் கூடாதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு,” என்று பதில் எழுதுவான். இப்படியே வெள்ளிக்கிழமை முதல் அண்ணன், திங்கட்கிழமை முதல் இவர் என்று ஜீப்பைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதை மதினி கண்டுபிடித்து, மனு போட்டு, வாங்கியும் விட்டாள். அந்த விஷயத்தில் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எழுத்து வேலை என்றால் இருவருக்கும் ஒரே மாதிரி பயம்.

இன்னொரு ஜீப்பில் கட்டி வீடுவரை இழுத்து வந்த எங்கள் ஜீப் இனி ஒரு அடியும் நகராது என்பதால், பாடியைக் கழற்ற மேஸ்திரி எங்கள் வீட்டுக்கே வந்தார். துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்து எடுத்தார். அதற்குப் பிறகுதான் முதல் குழப்பம். எங்கள் சந்துக்குள் கிரேன் வராது. லாரியும் வராது. ஒர்க்‌ஷாப் இருப்பதோ இரண்டு திருப்பம் தள்ளி. எனவே பக்கத்துச் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளை வரச் சொன்னோம். நீலச் சட்டையும் தலையில் முண்டாசுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களின் தலைவர் பாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இது ஏது ஐட்டம்?” என்றார்.

“ஜீப்,” என்றார் இவர்.

“ஜீப்புன்னா வண்டி. வண்டிய நாங்க தூக்குறதில்ல. தள்ளத்தான் செய்வோம்.”

“இதுல சக்கரம் இல்லையே.”

“அப்ப இது வண்டி இல்ல. வண்டி இல்லேன்னா பின்னே என்ன? இரும்பா? அலமாரியா?”

அவர்களுக்குள் ஒரு கூட்டம் நடந்தது. ஒருவர் இதை வீட்டுச் சாமான் என்றார். இன்னொருவர் இரும்புப் பழைய சாமான் என்றதும் இவருக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் சக்கரம் வைத்த பியானோ ஒன்றை எப்போதோ ஒரு பழைய பங்களாவிலிருந்து இறக்கியதை ஒரு பெரியவர் நினைவுபடுத்த, அதே வகையில் இதையும் சேர்த்தார்கள். ஜீப்பின் பாடி பியானோவாகிவிட்ட பிறகு எல்லோருக்கும் நிம்மதி வந்தது. குழாய்களை அடியில் கொடுத்து, தோளில் துணி மடித்து வைத்து, ‘ஏலேலோ’ போன்ற ஒரு சத்தத்தோடு தூக்கினார்கள்.

நான் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களை ஒதுக்கச் சொன்னேன். பச்சை ஜீப் ஒன்று இருபத்துச் சொச்சம் கால்களோடு எங்கள் சந்தில் நடந்து வந்தது. பழைய சாமான் கடைகளைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் சுவரோடு ஒட்டி நின்று, ஏதோ ஊர்வலம் என்று நினைத்து, கைகூப்பினார்கள். முதல் திருப்பத்தில் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

“வெயிட்டு கூடுதலா இருக்கே. இதுக்குள்ள வேற ஏதும் உண்டோ?”

எட்டிப் பார்த்தார். உள்ளே இவர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் சீட்டில். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

“பின்கதவு ஆடுது. சுவத்துல இடிச்சா பெயிண்ட் போயிரும். அதான் உள்ளேருந்து பிடிச்சுக்கிட்டேன்,” என்றார் என்னிடம். பின்கதவு அவருக்கு எட்டடி பின்னால் இருந்தது. ஸ்டியரிங்கை எதற்குப் பிடித்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். இறங்கினார். தோள்களின் மேல் நிற்கும் ஜீப்பையும், அதன் நம்பர் பிளேட்டையும், உள்ளே ஓட்டுகிற தோரணையில் உட்கார்ந்திருந்த இவரையும் நிதானமாகப் பார்த்தார்.

“இது ஒன்வே,” என்றார்.

சுமட்டுத் தொழிலாளிகள் சிரித்த சிரிப்பில் ஜீப் குலுங்கியது. இவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். இறங்கியதும் பாடி சட்டென்று ஒரு கை உயரம் மேலே எழும்பியதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. கொஞ்ச நாளாக இரவில் சோற்றைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் காத்திருந்தான். அவனுடைய சேஸிஸ் எண்ணெய் மினுமினுக்க நின்றது. மேலே இரும்புக் குழாய்களில் முக்காலி கட்டி, சங்கிலிக் கப்பி மாட்டியிருந்தார்கள். ஒருவர் சங்கிலியை இழுத்தால் பாடி மேலே போகும், மெல்ல விட்டால் கீழே இறங்கும். சங்கிலியை அண்ணன் பிடித்தான். தன் வண்டியின் மேல் என்ன இறங்குகிறது என்பதை வேறு யார் கையிலும் விட அவனுக்கு மனமில்லை. இவர் பாடியின் பக்கத்தில் நின்று, இடித்துவிடாமல் கையால் தாங்கி வழிகாட்டினார். நடுவில் மேஸ்திரி.

“ஒரு குழப்பமும் இல்ல,” என்று மேஸ்திரி சொன்னதும் நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

முன்பக்கத்து ஓட்டைகள் பொருந்தின. பின்பக்கத்து ஓட்டைகள் இரண்டு விரல் தள்ளி இருந்தன. பின்பக்கத்தைப் பொருத்தினால் முன்பக்கம் தள்ளிப்போயிற்று. வருஷம் மாறியதில் கம்பெனிக்காரர்கள் ஏதோ மாற்றியிருக்கிறார்கள் என்றார் மேஸ்திரி. என் தையல் டேப்பை வாங்கி அளந்தார். பிறகு டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்தார். இரண்டு தடவையும் வெவ்வேறு அளவு வந்தது. மூன்றாவது தடவை டேப்பைச் சுருட்டி என்னிடமே தந்துவிட்டு, “புதுசா ஓட்டை போட்டா தீர்ந்தது,” என்றார்.

ஓட்டை போட்டார்கள். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ரப்பர் கட்டைகள் வைத்தார்கள். மறுபடி பாடி இறங்கியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். “மெல்ல, மெல்ல,” என்று இவர் காற்றைப் பார்த்துச் சொன்னார். அண்ணனும் காற்றைப் பார்த்துக்கொண்டே விட்டான். பாடி ரப்பரில் ‘தொப்’ என்று உட்கார்ந்தது. அந்த நிமிஷம் இவர் அலறினார்.

வேட்டி. இவருடைய வேட்டியின் முன்பக்கம் முழுசாகப் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஒரு அடி பின்னால் நகர்ந்தால் வேட்டி அங்கேயே நின்றுவிடும். முற்றத்தில் நான் இருந்தேன், மேஸ்திரி இருந்தார், பாடி இறங்குவதை வேடிக்கை பார்க்க வந்த சுமட்டுத் தொழிலாளிகளில் பாதிப்பேர் இருந்தார்கள், பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்த இரண்டு பெண்கள் வேறு.

“மச்சான், தூக்குங்க!” என்றார் இவர்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு வந்த முதல் வார்த்தை. அண்ணன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

“யார்கிட்ட பேசுறாரு?” என்று என்னைக் கேட்டான்.

“உங்ககிட்டத்தான் மச்சான்! வேட்டி மாட்டிருச்சு, தூக்குங்க!”

“தூக்குறேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க மாப்ள. அன்னைக்கு லெஃப்ட்டுன்னு சொன்னீங்களா, இல்லையா?”

“அண்ணே!” என்றேன் நான்.

“நீ சும்மா இரு. சொல்லட்டும்.”

இவர் மாடியைப் பார்த்தார். மாடியில் இரண்டு பேர் நாலு பேராகியிருந்தார்கள். வேட்டியை இரண்டு கையாலும் இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “சொன்னேன்! லெஃப்ட்டுன்னு சொன்னேன்! ரெண்டு தடவை சொன்னேன், போதுமா? தூக்குங்க!”

அண்ணன் சங்கிலியை இழுத்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றைக்குக்கூட நான் பார்த்ததில்லை. வேட்டி விடுபட்டது, கரியும் எண்ணெயுமாக. இவர் அதைச் சரி செய்துகொண்டு, தொண்டையைச் செருமி, என்னிடம் திரும்பினார்.

“வேட்டி மாட்டினா எந்த மனுஷனும் எதையும் சொல்லுவான்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு.”

ஆக, மறுபடி பேச்சு நின்றது. ஆனால் பழைய மாதிரி இல்லை. போல்ட் முறுக்கும்போது ஒருவர் ஸ்பேனரை நீட்டினால் மற்றவர் வாங்கிக்கொண்டார். சாயா வந்தபோது ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து குடித்தார்கள்.

அடுத்த குழப்பம் ஜீப் வெளியே வந்தபோது. அண்ணன் ஓட்டினான், நான் பின்னால் நடந்து வந்தேன். ஜீப் நேராகத்தான் போனது. ஆனால் அதைப் பார்த்தால் நேராகப் போவதாகத் தெரியவில்லை. மூக்கு வலது பக்கம் பார்க்க, சக்கரம் நேரே போக, நண்டு நடப்பதைப் போல ஒரு நடை. எதிரே வந்த சைக்கிள்காரர், ஜீப் தன் பக்கம் திரும்புகிறது என்று நினைத்து ஒதுங்கினார். ஜீப் திரும்பவில்லை. அவர் திட்டிக்கொண்டே போனார். போதாததற்கு இடது கதவைச் சாத்த முடியவில்லை.

“சேஸிஸ் கோணல்,” என்றார் இவர்.

“பாடி கோணல்,” என்றான் அண்ணன்.

இரண்டு பேரும் என்னிடம்தான் சொன்னார்கள். மேஸ்திரி ஒரு நூலைக் கட்டி அளந்து பார்த்தார். சேஸிஸ் நேராக இருந்தது. பாடிதான் கோணல். எங்கள் பழைய சேஸிஸ் உப்பில் அரித்து ஒருபக்கம் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. பாடியும் அதற்குத் தகுந்தாற்போல வருடக்கணக்கில் வளைந்து கொடுத்திருக்கிறது. இப்போது நேரான சேஸிஸில் வைத்தபின் அந்த வளைவு வெளியே தெரிகிறது. அண்ணன் சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம், இவர் பச்சைப் பெயிண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்ற விதம். அண்ணன் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக் கீலைத் தட்டித் தட்டி, ஒருவழியாகச் சாத்தும்படி செய்தான். மூக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆர்.டி.ஓ. பரிசோதனைக்கு ஜீப்பைக் கொண்டுபோன அன்று நாங்கள் நாலு பேரும் போனோம். பரிசோதிக்க வந்தவர் ஒரு அம்மா. பொறுமையானவர். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார். பிறகு குனிந்து, சேஸிஸில் வெட்டியிருந்த எண்ணின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார்.

“யாருடெ வண்டி?” என்றார்.

“என்டெ,” என்றார்கள் இவரும் அண்ணனும் ஒரே நேரத்தில்.

அவர் மதினி கொடுத்த தாள்களைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். பெண்களுக்குள் ஏதோ ஒரு புரிதல் கடந்து போனது. “சேஸிஸ் நம்பர் யார் பேருல இருக்கோ அவருடைய வண்டி. மற்ற வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன கேன்சல் செய்யணும். அந்த நம்பர் பிளேட்ட எடுத்திருங்க,” என்று நிதானமாகச் சொன்னார்.

இது எங்களுக்கு முன்பே தெரியும். மனுவிலேயே இருந்தது. மதினி படித்தும் காட்டியிருந்தாள். இருந்தாலும் அந்த முற்றத்தில் வைத்துக் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. இவர் ஸ்க்ரூடிரைவரை வாங்கி, குந்தி உட்கார்ந்து, பிளேட்டைத் தானே கழற்றினார். ஒவ்வொரு திருகையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எழுந்து, பிளேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எதிரே இருந்த சாயாக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். கழுவிக் கழுவி எழுத்து மங்கிய பிளேட். வண்டி முழுசும் அங்கேதான் நின்றது, பச்சையாக, பளபளவென்று, எங்கள் சீட் கவரோடு. ஆனால் இவருக்கு அதில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. என்னால் சிரிக்கவும் முடியவில்லை. இந்த யோசனையை ஏன் சொன்னேன் என்று இருந்தது.

அண்ணன் வெகுநேரம் ஜீப்பின் முன்னால் நின்றான். பிறகு சாயாக்கடைக்குள் போனான். இரண்டு சாயா வாங்கினான். ஒன்றை இவர் முன்னால் வைத்தான். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் கடை முழுக்கக் கேட்கும்படி:

“சாவி ரெண்டு செட்டு அடிக்கணும். வெள்ளி திங்கள்னு கணக்கு வெச்சுட்டு இருக்க முடியாது. எனக்குக் காலைல மார்க்கெட் போக வேணும், மத்த நேரம் பூரா சும்மாதானே நிக்கும். யார் வேணா எடுக்கட்டும்.”

இவர் சாயாவை எடுத்துக் குடித்தார். “மதுரம் கூடுதல்,” என்றார். யாரிடம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நாங்கள் யாரும் பொறுப்பில்லை. ரோட்டோரக் கேமராக்கள்தான் பொறுப்பு. சீட் பெல்ட் போடாமல் போனால் கேமரா படம் எடுத்து, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருடைய போனுக்கு அனுப்பிவிடும். இவருக்கு பெல்ட் போட்டால் மூச்சு முட்டும். முதல் படம் வந்தது அண்ணனுக்கு. இலைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தவன், மார்க்கெட்டின் நடுவில் நின்று, என்னைக் கூப்பிடாமல், குரூப்பில் எழுதாமல், நேராக இவருக்கே போன் போட்டான்.

“மாப்ள, பெல்ட்டு எதுக்கு வெச்சிருக்கு? கழுத்துல மாலையா போட?”

“என்ன மச்சான், படத்துல தெளிவாத் தெரியுதா? நான் போட்டிருந்தேன், சட்டை கலர்ல தெரியல.”

“சட்டையே போடல நீங்க! பனியனோட இருக்கீங்க!”

அரைமணி நேரம் கத்திக்கொண்டார்கள். போனை வைத்துவிட்டு இவர் என்னிடம் வந்து, “உங்க அண்ணனுக்கு வாய் ரொம்ப நீளம்,” என்றார். முகத்தில் அப்படியொரு தெம்பு. அன்றிலிருந்து தினமும் ஒரு போன். பெல்ட், பெட்ரோல், கிளட்ச், கதவு, சீட்டில் ஒட்டிய இலைக்கறை. பேச்சு முழுவதும் சண்டைதான். ஒருநாள் போன் வராவிட்டால் இவர், “உங்க அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று என்னைக் கேட்பார். பந்தயத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறப்பதில்லை.

ஜீப் இன்னும் நண்டு மாதிரிதான் போகிறது. எங்கள் தெருக்காரர்களுக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள்தான் எதிரே வந்தால் தவறான பக்கம் ஒதுங்குகிறார்கள். மேஸ்திரியைப் போன வாரம் பார்த்தேன். இரண்டு பழைய ஜீப்பை ஒன்றாக்க இன்னொரு ஆள் வந்திருக்கிறாராம். “இதுக்கு முன்ன ஒரு தடவை செஞ்சிருக்கேன்னு தைரியமா சொன்னேன்,” என்றார் பெருமையாக. எங்களுடையதுதான் அவருக்கு முதல் தடவை என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது.

நேற்று அண்ணன் போனுக்கு மறுபடி ஒரு படம் வந்தது. இந்தத் தடவை அவனால் யாரையும் திட்ட முடியவில்லை. இவர் ஓட்டுகிறார், பக்கத்தில் அண்ணனே உட்கார்ந்திருக்கிறான், இருவருக்கும் பெல்ட் இல்லை. இரண்டு பேரும் வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் மதினியும் நானும் வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அபராதத்தைக் கட்டிவிட்டு மதினி அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்தாள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இருக்கிற படம் வேறு ஒன்றும் எங்களிடம் இல்லை.